வயலில் காணும் பல்லியினங்களை அறிந்து தெரிவிப்பீர்

மதுரை காளவாசலைத் தாண்டித் தேனி சாலையில் மேற்கே சென்றால், நாகமலை அடிவாரத்தில் வயல்களும் தோப்புகளும் கண்மாய்களும் உள்ளன. அங்கு வரப்பு வெட்டும்போது அரணையைக் கண்டால் அடித்துக் கொல்வோர் இன்றும் உண்டு. "அரணை கடித்தால் மரணம்" என்ற நம்பிக்கையே காரணம். இது தவறு. நம் மதுரைச் சமவெளியில் வாழும் பல்லியினங்களுள் நஞ்சுடையது ஒன்றும் இல்லை. வண்டு, வெட்டுக்கிளி, கறையான் முதலியவற்றைத் தின்று அவை உழவருக்கு உதவுகின்றன.

இனங்காணும் முறை

1. ஓணான்: செதில்கள் சொரசொரப்பானவை. முதுகில் முள்வரிசை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவக்கும். இதைப் பச்சோந்தி எனக் கருதுதல் கூடாது.

2. பச்சோந்தி: உடல் பக்கவாட்டில் தட்டையானது. இரு கண்களும் தனித்தனியே சுழலும். வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு மெதுவாக நகரும்.

3. அரணை: உடல் வழவழப்பாக மின்னும். கால்கள் குட்டையானவை. வால் அறுந்தால் மீண்டும் வளரும்.

4. உடும்பு: ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். நாக்கு பாம்பின் நாக்கைப்போல் பிளவுபட்டிருக்கும். எலி, நண்டு, வண்டு தின்னும். கோழிமுட்டையையும் எடுப்பதுண்டு, கூட்டை நன்கு அடைத்தால் போதும். 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு உள்ளது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

குறித்து வைக்க வேண்டியவை

தேதி, நேரம், ஊர், கண்ட இடம் (வரப்பு, கிணற்று மேடு, கண்மாய்க்கரை), நீளம், நிறம், செதிலின் தன்மை. கைப்பேசி இருப்பின், துரத்தாமல் தள்ளி நின்று தலையும் பக்கவாட்டும் தெரியப் படம் எடுக்கவும்.

யாரிடம் தெரிவிப்பது?

2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருத்தல் வேண்டும். ஊராட்சியில் கேட்டு, பதிவேட்டில் சேர்க்கச் செய்யலாம். அடிபட்ட அல்லது கிணற்றில் விழுந்த உடும்பைப் பற்றி உடனே வனத்துறைக்குத் தெரிவிக்கவும். உடும்பு இருக்கும் வளையைப் பலரறியச் சொல்ல வேண்டாம், வேட்டைக்காரர் அறிந்துவிடுவர்.

பதிவின் பயனுக்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சுமார் 250 பறவையினங்களும் தேவாங்கும் எறும்புதின்னியும் அப்போது எடுத்துக்கூறப்பட்டன. கண்டவர் குறித்து வைக்காவிடில் இத்தகைய பட்டியல் ஏது?

எனவே, அடுத்த முறை அரணையைக் கண்டால் தடியைத் தேடாமல் குறிப்பேட்டை எடுப்பீர்.