நிக்கோட்டினின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே கணக்கைப் பீடிக்கும் போட்டுப் பார்ப்போமா?

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்து மாணவர்களுக்குப் பீடி சுற்றுவது புதிய காட்சியல்ல. பீடித் தூளிலுள்ள நிக்கோட்டின், புகை வழியாக இரத்தத்தில் கலந்தபின், சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 24 மணி நேரத்தில் எத்தனை பாதி? 12. ஆகவே கடைசிப் பீடியை அணைத்த மறுநாள், ஏறக்குறைய 4096-இல் ஒரு பங்குதான் மிஞ்சும்!

பிறகு ஏன் இருபது வருடம் புகைத்தவர் விட முடியாமல் தவிக்கிறார்? நிக்கோட்டின் மூளை நரம்பணுக்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் புகைப்பவருக்கு இந்த ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. அவை பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். அதுவரை எரிச்சலும் ஏக்கமும் வந்து வந்து போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும்.

அந்த நிமிடங்களில்தான் உங்கள் துணை தேவை. பீடியை விட்ட அப்பாவையோ மாமாவையோ குத்திக்காட்டாதீர்கள். பேச்சுக் கொடுத்தபடி தாமிரபரணிப் படித்துறை வரை கூடவே நடந்து வாருங்கள். 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

"இனிமேல் விட்டு என்ன பயன்?" என்கிறாரா? பிரிட்டனில் 1951 முதல் 50 ஆண்டுகள் மருத்துவர்களைக் கவனித்த ரிச்சர்டு டால் குழுவினர், 2004-இல் முடிவை வெளியிட்டனர். சிகரெட்டைத் தொடர்ந்து புகைத்தவர்களைவிட, 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகளும், 40 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 9 ஆண்டுகளும் ஆயுள் கூடியது.

உங்கள் அப்பாவுக்கு இப்போது என்ன வயது?