கருக்காத தோப்புக்குப் போ

அன்புள்ள தம்பிக்கு,

கணக்கைப் பார்த்தேன். ராஜபாளையம் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ பரவுவதை ஃபிஷர் சமன்பாட்டில் போட்டு, அலையின் வேகம் 2√(பெருக்க வீதம் × பரவல் கெழு) என்று முடித்திருக்கிறாய். நல்ல மரபணு ஒன்று மக்களிடையே பரவுவதற்கு 1937-இல் அவர் போட்ட கணக்கு அது. பூச்சிக்கும் ஒத்துவரும். அந்த இரண்டு எண்களையும் எந்தத் தோப்பில் எடுத்தாய்?

கருத்துப்போன தோப்பில்தானே? எல்லாரும் அங்கேதான் கூட்டிப்போவார்கள். ஓலைக்கு அடியில் மெழுகுச் சுருள், தேன்கழிவு சொட்டிய கீழ் ஓலையெல்லாம் கரும்பூசணம். அலை அதைத் தாண்டிப் போயாயிற்று. ஃபிஷரின் வேகம் முனையில், பூச்சி ஒன்றிரண்டாக இருக்கும் இடத்தில் தீர்மானமாகிறது. நீ வரைபடத்தில் சுத்தம் என்று வெள்ளையாக விட்டிருக்கும் செண்பகத்தோப்புப் பக்கம் போ. "நம்ம தோப்புல ஒண்ணுமில்லய்யா" என்பார்கள். அடி ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார். ஒரு சுருள் தென்பட்டால் தேதியோடு எழுது. தென்படாத மரத்தையும் எழுது.

முனையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வெள்ளை ஈயில் இணைசேராத பெண்ணின் முட்டை ஆணாகத்தான் பொரியும். துணை கிடைக்காத இடத்தில் பெருக்கம் படுத்துவிட்டால், அலையைப் பின்னாலிருக்கும் கூட்டம்தான் தள்ள வேண்டும். அப்போது இந்தச் சூத்திரம் செல்லாது.

பரவல் கெழுவில் எனக்கு அதைவிடச் சந்தேகம். 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் கண்ட பூச்சி, சிறகை நம்பி மட்டுமா இவ்வளவு தூரம் வந்திருக்கும்? தென்னங்கன்றும் ஓலையும் ஏற்றிய லாரி மதுரை–தென்காசி ரோட்டில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இப்படித் தாவல்கள் இருந்தால் வேகம் நிலையாக நிற்காது, ஏறிக்கொண்டே போகலாம். சோதிக்க வழி இருக்கிறது. ஐரோப்பாவில் தப்பிப் பெருகிய மஸ்க்ராட் எலிக்கு ஸ்கெல்லம் 1951-இல் செய்ததைச் செய்: பரவிய பரப்பின் வர்க்கமூலத்தை ஆண்டுவாரியாகப் புள்ளியிடு. அவருக்கு நேர்கோடு வந்தது. உனக்கு மேல்நோக்கி வளைந்தால் லாரியைக் கணக்கில் சேர். ஆடிக்காற்று ஒரே திசையில் அடிக்கிற ஊர் இது; அதனால் கிழக்கே போன வேகத்தையும் மேற்கே போனதையும் தனித்தனியாக எடு.

தோப்புக்காரர் மருந்து அடித்தாரா என்றும் கேட்டுக் குறி. மருந்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா குளவியையும் சேர்த்தே கொல்லும். அந்தத் தோப்பின் பெருக்க வீதத்தைப் பக்கத்துத் தோப்புக்கு எடுத்துப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்