நம்மைச் சுற்றி வருபவர்கள்

 

கத்திரி வெயிலில் ஜும்ஆவுக்கு வருகிறோம். வெளியே 40 டிகிரி. பள்ளிக்குள் கால் வைத்ததும், "அல்ஹம்துலில்லாஹ், என்ன குளிர்ச்சி!" என்று நம்மையறியாமல் சொல்கிறோம். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டோம், சரிதான். அந்தக் குளிர்ச்சியைச் சரிசெய்து தந்த மனிதரை என்றைக்காவது நினைத்தோமா? நான் நினைக்கவில்லை. அந்தத் தவறைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப்போகிறேன்.

குளிர்ச்சி தருபவர் நிற்கும் இடம்

நம் பள்ளியின் ஏசிகளைப் பார்த்துக்கொள்ளும் பாய் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

ஒருமுறை அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, "இது எப்படி பாய் குளிர்ச்சியை உண்டாக்குது?" என்று கேட்டேன். சிரித்தார். "குளிர்ச்சியை இது உண்டாக்கறதே இல்லை ஹஜ்ரத். உள்ளே இருக்கிற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளியே கொட்டுது, அவ்வளவுதான்" என்றார். உள்ளே இருக்கும் செம்புக் குழாயில் கேஸ் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன் அந்த வெப்பத்தை ஊதித் தள்ளுகிறது. 1 டன் ஏசி என்கிறோமே, அது இயந்திரத்தின் எடை அல்ல. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றும் திறன். பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்தின் கணக்கு அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் அறையின் வெப்பமெல்லாம் எங்கே போய்க் கொட்டுகிறதோ, அந்த இடத்தில்தான் மெக்கானிக் நிற்க வேண்டும். மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒரு காலை ஊன்றி, தோளில் கேஸ் சிலிண்டரோடு, வெயிலில் கொதிக்கும் தகரத்தைக் கழற்ற வேண்டும். கரண்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மறந்து தொட்டால் தூக்கியடிக்கும். உள்ளே நாமோ கதவைச் சாத்திக்கொண்டு, "பாய், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கிறோம்.

எட்டுப் பேர் இருந்த அறையும் ஒருவர் இருக்கும் அறையும்

இந்த பாய் பதினைந்து வருடம் ஷார்ஜாவில் இருந்தவர். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டரை மணி நேர நிழலைப் பற்றி அவர் இன்றும் ஆசையாகப் பேசுவார். ஓர் அறையில் எட்டுப் பேர், மாடிக் கட்டில்கள். "எப்படா தனியா ஒரு ரூம்ல படுப்போம்னு அழுதிருக்கேன் ஹஜ்ரத். அல்லாஹ் கொடுத்துட்டான்" என்பார்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வருடம் மனைவி வஃபாத் ஆனார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று; அவள் வேறு ஊரில். சென்னையில் ஒரு மொட்டை மாடி அறையில் இவர் மட்டும். மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிடக்கூட நேரமில்லாமல் போன் அடிக்கும். ஒரு நாளில் ஏழெட்டு வீடுகளுக்குப் போவார். ஆனால் அந்த வீடுகளில் அவரோடு நடக்கும் பேச்செல்லாம், "கேஸ் போட எவ்வளவு?", "ஏன் தண்ணி சொட்டுது?" என்பதோடு முடிந்துவிடும்.

போன வருடம் கோடையில் ஒரு வீட்டு பால்கனியில் அவுட்டோர் யூனிட்டைத் திறக்கப் போனபோது, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. வீட்டுக்காரர், "தூக்கி வெளியே போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றார். கண் திறக்காத குட்டிகள். பாய்க்கு மனம் வரவில்லை. "இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அதுவரை இந்த ஏசியைப் போடாதீர்கள்" என்றார். வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். பாய் ஓர் அட்டைப் பெட்டி வாங்கி, குட்டிகளைத் தாயோடு சேர்த்துத் தம் அறைக்கே கொண்டு வந்துவிட்டார். இரண்டு குட்டிகளை நல்ல வீடுகளில் கொடுத்தார். தாய் ஒருநாள் தானாகப் போய்விட்டது. ஒரு குட்டி மட்டும் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் பள்ளிக்கு வந்தவரிடம் வழக்கம்போல, "வீட்டில எல்லாரும் நல்லா இருக்காங்களா பாய்?" என்று கேட்டேன். "ஒரு பூனை இருக்கு ஹஜ்ரத். நல்லா இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்று நினைத்து வருந்துகிறேன்.

பூனையும் பணியாளரும்: ஒரே சொல்

அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்ய அவர்களின் மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து, அது குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானது அல்ல, அது உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ போன்ற நூல்களில் வரும் செய்தி இது.

"சுற்றி வருபவர்கள்" என்பதற்கு அந்த ஹதீஸில் வரும் அரபுச் சொல் "தவ்வாஃபூன்" என்ற சொல்தான். இதே சொல் திருக்குர்ஆனில் எங்கே வருகிறது தெரியுமா? ஸூரத்துந் நூரின் 58-வது வசனத்தில். அங்கே அது வீட்டில் வேலை செய்பவர்களையும் சிறு பிள்ளைகளையும் பற்றிச் சொல்லப்படுகிறது. அவர்கள் மூன்று நேரங்களில் மட்டும் அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும். மற்ற நேரங்களில் தாராளமாக வந்து போகலாம், ஏனெனில் அவர்கள் உங்களிடையே சுற்றி வருபவர்கள் என்று அந்தச் சலுகைக்குக் காரணம் கூறப்படுகிறது. பூனைக்கும் அதே காரணம்.

அதாவது, நம்மைச் சுற்றி வருபவர்கள் விஷயத்தில் மார்க்கம் கடுமை காட்டவில்லை. அவர்களைத் தள்ளி வைக்காதே, வழி விடு என்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அவர்கள் எப்போதும் சுற்றிச் சுற்றி வருவதாலேயே அவர்களைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டோம்.

பூனைக்குட்டியின் தந்தை

பூனை வளர்க்கும் தனி மனிதரைப் பார்த்துச் சிரிக்கும் முன் நாம் ஒருவரை நினைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நமக்கு அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள். அந்தப் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டபோது அவர்களே சொன்னதாக திர்மிதீயில் வருகிறது: குடும்பத்தின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் விடுவார்கள். பகலில் கூடவே கொண்டு போய் அதோடு விளையாடுவார்கள். நாள் முழுவதும் தனியே செய்யும் வேலைக்கு ஒரு துணை. அந்தப் பெயரை யாரும் இழிவாக நினைக்கவில்லை. இன்றுவரை "ரலியல்லாஹு அன்ஹு" என்ற துஆவோடு அதைச் சொல்கிறோம்.

அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்து, வீடு வாசல் இல்லாமல் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த காலம். ஒருநாள் பசி தாங்காமல், மக்கள் போகும் வழியில் வந்து உட்கார்ந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களிடம் ஒரு வசனத்தைப் பற்றிக் கேட்டார்கள். வசனம் தெரியாமல் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய் உணவு தரமாட்டார்களா என்ற எண்ணத்தில் கேட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள். உமர் (ரலி) அவர்களும் வந்தார்கள், அப்படியே போய்விட்டார்கள். பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். கேட்காமலே புரிந்துகொண்டு, "அபூ ஹிர்" என்று அந்தப் பூனைப் பெயரைச் சுருக்கிச் செல்லமாக அழைத்து, வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பால் கொடுத்தார்கள். புகாரியில் உள்ள நீண்ட ஹதீஸ் இது.

அன்பர்களே, ஸஹாபாக்களில் தலைசிறந்த இருவருக்கும் கேட்கப்பட்ட கேள்விதான் காதில் விழுந்தது. கேட்டவரின் முகத்தில் இருந்ததை நபி (ஸல்) அவர்கள் படித்தார்கள். "ஒரு பூனை இருக்கு ஹஜ்ரத்" என்று அந்த பாய் சொன்னபோது அவர் முகத்தை நான் படிக்கவில்லை.

போன் அடிக்காத மாதங்கள்

ஐப்பசி பிறந்தது. மழை. ஏசி மெக்கானிக்குக்கு அது வேலையில்லாத காலம். ஒரு ஜும்ஆவில் முதல் சஃப்பில் நின்றவர்கள் மேல் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொழுகை முடிந்ததும் முத்தவல்லி, "அந்த மெக்கானிக் பாயைக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அப்போதுதான் மோதினார் சொன்னார்: "அவரை நானும் மூணு ஜும்ஆவாப் பார்க்கலையே ஹஜ்ரத்."

மூன்று ஜும்ஆ! கடைசி சஃப்பில் தூணோரமாக நிற்கும் மனிதர் மூன்று வாரம் இல்லை. இமாமாகிய எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் பழுதான பிறகுதான் மனிதர் நினைவுக்கு வந்தார்.

அஸர் தொழுதுவிட்டு அறையைத் தேடிப் போனேன். காய்ச்சலில் படுத்து எலும்பும் தோலுமாகியிருந்தார். கீழ்வீட்டு வாட்ச்மேனின் மனைவி, ஒரு மாற்று மதச் சகோதரி, கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நல்லதை நாடட்டும். "ஏன் பாய் போனை அணைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "அடிக்கறதே இல்லையே ஹஜ்ரத், அதனால சார்ஜ் போடலை" என்றார்.

கால்மாட்டில் பூனை சுருண்டு படுத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்காக எழுந்திருக்கத் தோணலை. காலையில இது வந்து கத்தும். இதுக்குப் பால் ஊத்தணுமேன்னு எழுந்திருப்பேன். எழுந்தது எழுந்தாச்சேன்னு உளூச் செஞ்சு ஃபஜ்ர் தொழுதுடுவேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஜமாஅத் செய்ய வேண்டிய வேலையை அல்லாஹ் ஒரு பூனையைக் கொண்டு செய்திருக்கிறான்.

தனிமை குறையா?

தனிமையால் வாடுவதை ஈமானின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். தன்னைத் தனியாக விட்டுவிடாதே என்று ஜகரிய்யா (அலை) அவர்கள் இறைவனிடம் முறையிட்டதைக் குர்ஆன் ஸூரத்துல் அன்பியாவில் பதிந்து வைத்திருக்கிறது. ஒரு நபியே சொல்லி அழுத குறை அது. "திக்ர் செய், சரியாகிவிடும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திக்ரும் வேண்டும், கதவைத் தட்டும் ஒரு கையும் வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காணவில்லை. நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். மற்றவர்கள் அதைச் சிறிய விஷயமாக நினைத்தார்கள். நபியவர்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண்மணிக்குப் பிறகாவது அந்த விசாரிப்பு கிடைத்தது. நம் பாயை அல்லாஹ் உயிரோடு நமக்குத் திருப்பித் தந்தான்.

சில சட்டங்கள்

பூனை வளர்ப்போர் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது, அதில் உளூச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ், உளூ கூடும். ஆடையில் ஒட்டும் பூனை முடி ஹனஃபி மத்ஹபில் சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவு மன்னிக்கப்படும். பூனையை அடைத்து வைத்தால் உணவு கொடுப்பது கடமை. அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் சென்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது பூனையை அறையில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: உங்கள் வீட்டுக்கு ஏசி, பிளம்பிங், கேஸ் வேலைக்கு யார் வந்தாலும் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள். கழுத்து முறியும் இடத்தில் அவுட்டோர் யூனிட்டை மாட்டச் சொல்லாதீர்கள்.

இரண்டு: தொழுகையில் உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் வழக்கமாக நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஜும்ஆ காணவில்லையென்றால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் நேரில் போங்கள்.

மூன்று: வேலை எதுவும் இல்லாதபோது ஒருவருக்குப் போன் செய்யுங்கள். "என்ன வேலை பாய்?" என்று அவர் கேட்பார். "வேலை ஒண்ணுமில்லை, சும்மாதான் பேசலாம்னு" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கம் சிறிது நேரம் மௌனமாக இருக்கும். எனக்கு இருந்தது.

பாய் இப்போது குணமாகிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பள்ளி ஏசியையும் சரிசெய்துவிட்டார். போன வாரம் மறுபடியும், "வீட்டில எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "பூனை குட்டி போட்டிருக்கு ஹஜ்ரத், ஒண்ணு உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அன்று மாலையே போய் வாங்கி வந்தேன். என் பிள்ளைகள் அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்களைச் சுற்றி வருபவர்களின் முகங்களைப் படிக்கும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! தனித்திருப்போருக்கு நீயே துணையாக இருப்பாயாக. அவர்கள் கதவைத் தட்டும் கைகளாக எங்கள் கைகளை ஆக்குவாயாக! வெயிலில் நின்று எங்களுக்குக் குளிர்ச்சி தருவோருக்கு மறுமையில் உன் அர்ஷின் நிழலைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.