பூத்தையல் பழக எந்த வழி? மலையகத்துக் கைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பூத்தையல் பழக நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று நாலைந்து வழிகள் திறந்திருக்கின்றன. ஆரி வேலை வகுப்பில் சேரலாம். கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகலாம். குறுக்குத் தையல் படத்தாள் வாங்கலாம். பக்கத்து லயத்தில் தைக்கத் தெரிந்த அக்காவிடம் போய் உட்காரலாம். பெரும்பாலானோர் கண்ணைப் பறிப்பதை முதலில் எடுக்கிறார்கள். நம்மிடம் என்ன வெளிச்சம், என்ன துணி, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்து எடுப்பவர்கள்தான் கடைசி வரை தைக்கிறார்கள்.

வெளிச்சத்தை முதலில் சொல்கிறேன். கொழுந்து நிறுத்து, வீடு வந்து, அடுப்பு வேலை முடித்து ஊசியை எடுக்கும்போது வெளியே பனி மூடியிருக்கும். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் ஒரு பல்ப் வெளிச்சத்தில் துணியின் இழைகளை எண்ணித் தைப்பது கண்ணுக்குப் பெரும் தண்டனை. ஆகவே இரவில் மட்டும் நேரம் கிடைப்பவர்கள் இழை எண்ணும் தையலை ஒதுக்கிவிட்டு ஓட்டுத் தையலில் தொடங்குங்கள்.

ஓட்டுத் தையல்தானே என்று நினைக்க வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் இரண்டு மூன்றாக அடுக்கி, அந்த ஒரே தையலால் பூவும் மீனும் தேரும் தைத்தார்கள். கரையிலிருந்து உருவிய நூலே அவர்களுக்குத் தையல் நூல். காந்தா என்று இன்று உலகம் முழுக்க விலைபோகும் கலை அதுதான். நம் வீடுகளில் பழைய சேலைக்குப் பஞ்சமில்லை. நுவரெலியாக் குளிருக்குப் போர்வை எப்போதும் தேவை. பருத்தியும் வொயிலும் மட்டும் எடுங்கள், நைலக்ஸ் வழுக்கிக்கொண்டே போகும். அடுக்குகளை நன்றாக நீவி, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொங்கி நிற்கும். பிரேம் வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம், பாதியில் பிள்ளை அழுதால் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். கை பழகாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பகல் வெளிச்சமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு எண்ணித் தைக்கும் முறை பொருந்தும். இதற்குச் சிறந்த முன்மாதிரி நீலகிரியில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நம் உறவுகள் பலர் குடியேறிய அதே தேயிலை மலை அது. அங்குள்ள தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், படம் எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே கோலம் போடுகிறார்கள். நூல் புடைத்து நிற்கும் பக்கத்தையே அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள். 2013இல் அந்தத் தோடர் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறுக்குத் தையலுக்குக் கடையில் துணி வாங்குவதானால், கட்டம் கட்டமாக நெய்த அய்டா துணி கேளுங்கள். 14 எண் அய்டாவில் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டங்கள். 70 கட்ட அகலமுள்ள படம் 5 அங்குலம் வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் துணி வெட்டக் கூடாது.

ஆரியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் கல்லும் ஜரிகையும் வைத்த பிளவுஸ் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். காசு பார்க்கக்கூடிய வேலைதான். ஆனால் இது கொக்கி ஊசி வேலை. இறுக்கிக் கட்டிய அகலச் சட்டம் வேண்டும், அதை விரித்து வைக்க இடம் வேண்டும், மேலே ஒரு கையும் துணிக்கு அடியில் நூல் பிடிக்கும் மறு கையும் ஒன்றாகப் பழக வேண்டும். துணியில் விழுவது அடிப்படையில் சங்கிலித் தையல். அதைச் சாதாரண ஊசியில் நேராகப் போடத் தெரியாதவர் முதல் வேலையாக ஆரி வகுப்புக்குக் காசு கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் தோட்டத்தைச் சுற்றி பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். வேலை தேடுவதற்காகப் படிப்பவர்கள், வகுப்பு முடிவில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உண்டா என்று சேருமுன் கேட்பது நல்லது.

யாரிடம் பழகுவது? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒருவரைத்தான் முதலில் தேடச் சொல்வேன். நூலை இறுக்கி இழுக்கிறீர்களா, துணி சுருங்குகிறதா என்று காணொளி பார்த்துச் சொல்லாது. அந்த அக்கா சொல்வார். இடக்கைப் பழக்கமுள்ளவர் அவருக்கு எதிரே உட்கார்ந்தால், கை அசைவு கண்ணாடியில் பார்ப்பதுபோல் சரியாக அமையும். அடிப்படைத் தையல்கள் கைக்கு வந்த பின் கைத்தொலைபேசி பெரிய துணை. 1872இல் தொடங்கிய லண்டன் ரோயல் ஸ்கூல் ஒஃப் நீடில்வேர்க், 2021இல் ‘ஸ்டிச் பாங்க்’ என்ற இலவசத் தொகுப்பை இணையத்தில் வைத்தது. ஒவ்வொரு தையலுக்கும் படமும் காணொளியும் உண்டு. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பார்த்தே செய்யலாம். மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காதவர்கள் டவுனுக்குப் போகும் நாளில் பார்த்து, படியைக் கொப்பியில் வரைந்துகொண்டு வாருங்கள்.

மாதிரிகளை எங்கே எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. படத்தாளில் வரும் ரோசாவும் மயிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாம் நாள் முழுக்க நிற்கும் மலையை யார் தைப்பது? தேயிலைப் பூவைப் பாருங்கள்: வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கூட்டமாக நிற்கும். இதழுக்குச் சாட்டின் தையல், நடுவுக்கு நெருக்கமாக பிரெஞ்சு முடிச்சு. இரண்டு இலை ஒரு மொட்டுக்கு ஒரே பச்சை போதாது. மொட்டு வெளிறிய பச்சை, இளங்கொழுந்து மஞ்சள் கலந்தது, கீழே முற்றிய இலை கரும்பச்சை. பூத்தையல் நூல் ஆறு இழைகளாக வரும். இரண்டு பச்சையிலிருந்து ஒவ்வோர் இழை பிரித்து ஒரே ஊசியில் கோத்தால் நடுநிறம் கிடைக்கும். கவ்வாத்து வெட்டிய மலையின் மொட்டைக் கிளைகளுக்குக் காம்புத் தையல் அழகாக வரும். ஹோட்டன் சமவெளியில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நெலுவையும் தைக்கலாம், அது நீலகிரிக் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. 1861இல் அமைத்த ஹக்கல பூங்காவில் வருடம் முழுக்க வரைய ஏதாவது இருக்கும். காமன் கூத்தில் ரதியும் மதனும் அணியும் முடியின் வளைவுகளை ஒரு கொப்பியில் வரைந்து வையுங்கள். பிளவுஸ் கைக்கு அதைவிடச் சிறந்த கரை வேலை கடையில் கிடைக்காது.

நம் ஈரக்காற்றுக்கென்று சில எச்சரிக்கைகள். ஊசியைத் துணியில் குத்தியபடி விடாதீர்கள், ஓரிரு நாளில் துருக்கறை விழும். வேலை முடிந்ததும் பிரேமைக் கழற்றிவிடுங்கள். முடித்த துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பு நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

தைத்து முடிக்கும் ஒவ்வொன்றின் மூலையிலும் உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பின்னோட்டுத் தையலால் எழுதிவிடுங்கள். உங்களிடம் பழக வரும் பிள்ளையிடமும் அதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.