ரஸ்கினாரின் இறுதி நூல்

ஓவியம் நெடுங்காலம் நிற்கின்றது; அதனைக் கண்டு மகிழ்ந்த கண்ணோ சின்னாளில் மறைகின்றது. மறையும் கண்ணுக்கு ஓவியம் அளித்த பயன் யாது? கலையின் தரங்கண்டு உரைப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார்க்கு முதுமையில் இவ்வினா எழாது போகாது. இதற்கு விடை தேடினாருள் ஒருவர் ஆங்கில நாட்டு ஜான் ரஸ்கின் என்பார். காந்தியடிகள் 1904-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இரயிற் பயணத்தின்போது படித்துத் தம் வாழ்க்கை நெறியையே மாற்றிக்கொள்ளச் செய்த நூல் இவர் இயற்றியதே. அந்நூலை அறிந்தார் பலர். இவர்தம் இறுதி நூலை அறிந்தார் சிலர். ஆதலின் அதுபற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

ரஸ்கினார் 1819-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு மது வணிகர்க்கு ஒரே மகனாகப் பிறந்தார். அன்னையார் நாடோறும் திருமறை ஓதுவித்து, மகன் குருவாதல் வேண்டுமென விழைந்தார். மகன் உள்ளமோ ஓவியத்தின்பாற் சென்றது. டர்னர் என்னும் ஓவியரின் பெருமையை நிலைநாட்டத் தொடங்கிய இவரது பெருநூல், 1843 முதல் 1860 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

1849-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலில் இவர் ஒரு கொள்கையை வற்புறுத்தினார். கட்டடத்தின் சிறப்பு அதன் கல்லிலும் பொன்னிலும் இல்லை. அதன் முதுமையிலேயே உள்ளது. பழங்கட்டடத்தை நாளும் பேணிக் காத்தல் கடன். சிதைந்த பகுதியைப் புதிதாகச் செதுக்கிப் பழையதுபோற் காட்டுதலோ பொய். இறுதி வருங்கால் அது மறைவின்றி வருக என்றார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பது. கல்லின் முதுமையை இளமையில் நின்று பேசுதல் எளிது. தம் முதுமையில் அக்கொள்கையைக் கைக்கொள்ளுதல் அன்றோ அரிது!

இத்தாலி நாட்டு லுக்கா நகர்ப் பேராலயத்தில் ஒரு கல்லறைச் சிற்பம் உண்டு. 1405-ஆம் ஆண்டில் இறந்த இலாரியா என்னும் இளநங்கை உறங்குவாள்போற் கிடக்கின்றாள். அடியில் ஒரு நாய் தலைநிமிர்த்து அவள் முகம் நோக்குகின்றது. யாகோப்போ தெல்லா குவெர்ச்சா என்னும் சிற்பி செய்தது அது. 1845-ஆம் ஆண்டில் இதனைக் கண்ட ரஸ்கினார், இறப்பை மறையாமலும் அதன் கொடுமையை மிகுத்துக் காட்டாமலும் அமைந்த அடக்கத்தை வியந்தார். 1874-ஆம் ஆண்டில் மீண்டுஞ் சென்று அதனை நுணுகி ஆராய்ந்தார். மறு ஆண்டே அவர் பெரிதும் நேசித்த ரோஸ் லா டூஷ் என்னும் மங்கை இருபத்தேழாம் அகவையில் உயிர்நீத்தாள். கல்லிற் கண்டதனை வாழ்விலுங் கண்டார். 1878-ஆம் ஆண்டு முதல் மனநோய் பன்முறை அவரை வருத்தியது.

இந்நிலையிலேயே 'கடந்தவை' எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடன் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதலானார். அதன் முன்னுரையைத் தந்தையார் பிறந்தநாளாகிய 1885-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாளன்று, தாம் குழவிப் பருவத்தில் வளர்ந்த அறையிலிருந்து வரைந்தார். நினைக்க இன்பந் தாராதவற்றைப் பேசாது விடுவேன் என்று அதிலேயே உரைத்தார். அவ்வாறே 1848-இல் நிகழ்ந்து 1854-இல் செல்லாதென நீக்கப்பட்ட தம் திருமணத்தைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறிற்றிலர்.

புதுப்பித்தலைப் பொய்யென்று கடிந்தவர் தம் வாழ்வை மட்டும் மெருகிடலாமோ எனின், இவ்வினா தக்கதே. வரலாறென்னும் அளவில் இந்நூல் குறையுடைத்து. நம்பி முழுதும் அதனையே சார்ந்து அவரை மதிப்பிடுதல் ஆகாது. ஆயினும் ஒன்று நோக்குக. புதுப்பிப்போன் வெடிப்பில் போலிக்கல்லை வைத்து அடைக்கின்றான். ரஸ்கினார் அடைத்திலர், வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, விட்டேன் என்றுஞ் சொன்னார். தாம் மொழிந்த கொள்கைக்கு அவர் முற்றும் மாறுபட்டிலர் என்பதே எம் துணிபு.

1889-ஆம் ஆண்டில் அமைந்த அந்நூலின் முடிவு நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. ஐம்பதாண்டுகளாக ஓவியமும் சிற்பமும் ஆய்ந்தவர், இறுதிப் பக்கத்தில் எவ்வோவியத்தையும் புகழ்ந்திலர். சியேனா நகரில் நண்பரோடு ஓர் ஊற்றுநீர் பருகியதையும், அம்மாலைப்பொழுதில் குன்றின் புதர்களிடையே மின்மினிகள் ஒளிர்ந்ததையும் நினைந்து எழுதுகோலை வைத்தார். கல்லினும் ஓவியத்தினும் எத்துணையோ நிலையற்றது மின்மினி! அதன் ஒளியை ஆண்டுகள் பல கடந்தும் காணும் கண்ணை அவர்க்கு அளித்தவை அவர் பயின்ற கலைகளே.

அதன்பின் பத்தாண்டுகள் பெரும்பாலும் பேச்சின்றிக் கோனிஸ்டன் ஏரிக்கரையிலிருந்த தம் இல்லத்தில் வாழ்ந்து, 1900-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20-ஆம் நாள் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கஞ் செய்ய இடம் தரப்பட்டும், அவர் விருப்பப்படி அவ்வூர்க் கோயில் நிலத்திலேயே உடல் அடக்கம் பெற்றது.

கலை இறப்பை வெல்லும் என்பர் சிலர். ரஸ்கினார் வாழ்வு அத்துணைப் பெருமிதமான உறுதி எதனையும் நமக்குத் தரவில்லை. கலைஞனும் மாய்வான், கலையும் தேயும். தேயும் பொருளைத் தேயுமுன் உற்றுக் காணும் பழக்கத்தையே அது தருகின்றது. தேர்வின்பொருட்டு நூல் பயிலும் நாம், அப்பழக்கத்தை இளமையிலேயே தொடங்குதல் நலம்.