வெள்ளம் வடிந்த பின் கடையும் வீடும்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்தபோது, முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று வாழும் நம் வணிகர்களுக்கு இரண்டு நஷ்டமும் ஒன்றாக வந்தன. 2023-ல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. தண்ணீர் வடிந்த முதல் சில நாட்களில் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தால், மிஞ்சியதையாவது காப்பாற்றலாம்.

1. மின்சாரம்: மெயினை அணைக்காமல் உள்ளே போகக் கூடாது. தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொடவே கூடாது. நனைந்த ஃப்ரிட்ஜையும் மின்னணுத் தராசையும் எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ பார்த்த பிறகே போட வேண்டும். பழுது பார்த்த தராசுக்கு மறுமுத்திரை பெற்ற பின்பே வியாபாரத்துக்கு எடுக்கலாம்.

2. ஆதாரம்: சரக்கை அள்ளுமுன், சுவரில் தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, மூட்டைக் கணக்கை எழுதி வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் உடனே தகவல் கொடுத்து, சர்வேயர் வரும்வரை கெட்ட சரக்கைத் தனியே ஒதுக்கலாம். அழிந்த சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

3. சேறு: காய்ந்து இறுகுமுன் அள்ளிவிட வேண்டும். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு புண் வழியாகவும் வரலாம். ரப்பர் பூட்ஸும் கையுறையும் அவசியம். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைத் துடைக்கலாம். அதோடு ஆசிட்டைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும். நாம் விற்கும் பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

4. சுவர்: பீரோ, ரேக்குகளைச் சுவரை விட்டுத் தள்ளிவைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். ஈரம் முழுதும் போகுமுன் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும். வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணைகளைக் கழித்துவிடுவதே நல்லது.

5. கணக்கு நோட்டு: நனைந்த பேரேட்டையும் கடன் நோட்டையும் இழுத்துப் பிரித்தால் தாள் கிழியும். தாள்களுக்கிடையே உறிஞ்சும் காகிதம் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

இனி முக்கியமான விஷயம். வெள்ளத்துக்குப் பின் நனைந்த அரிசி, பருப்பை அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். "காயவைத்தால் போச்சு" என்ற எண்ணம் நமக்கே வரும். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய சரக்கை வெயில் சுத்தமாக்காது. வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றலில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதும் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட.

பாக்கெட் சரக்கை ஏஜென்டிடம் காட்டி, மாற்றித் தருவாரா என்று கேட்போம். நனைந்த மூட்டையைக் கிழித்து, யாரும் எடுக்க முடியாதபடி அழிப்போம். லட்ச ரூபாய் சரக்கை அப்படிக் கொட்டும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கடையை மறுபடி திறக்கும் அன்று முதலில் வருபவர் நம் தெருக்காரர். அவர் வீட்டிலும் வெள்ளம் வந்திருக்கிறது. அவர் கையில் நல்ல அரிசியைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.