பாலைவழியில் வைத்த நீர் – ஓர் அறநோக்கு

வறண்ட வழியில் செல்வோர்க்கு நீர் வைத்தல் அறச்செயல் என்பதை எச்சமயத்தாரும் ஒப்புவர். ஆயின் அவ்வழி ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கும் வழியாகவும், செல்வோர் அந்நாட்டின் இசைவு பெறாதவராகவும் இருப்பின், அப்பொழுதும் அது அறமேயாகுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனாவுக்கும் மெக்சிகோவின் சொனோராவுக்கும் இடைப்பட்ட பாலைநிலத்தில் இவ்வினா பலமுறை எழுந்து, நீதிமன்றம் வரை சென்றுள்ளது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

மக்கள் விரும்பியே பாலைவழியைத் தேர்ந்தனர் என்று கருதுவது பொருந்தாது. 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியேகோவிலும் நகரங்களை ஒட்டிய எல்லையில் காவல் மிகுவிக்கப்பட்டது. நகர வழிகளை அடைத்தால் வருவோர் கடுமையான நிலப்பகுதிக்குத் தள்ளப்படுவர். அக்கடுமையே அவர்களைத் தடுத்துவிடும் என்பது 1994ஆம் ஆண்டு எல்லைக் காவல் திட்டத்தின் கணக்கு. வருகை நிற்கவில்லை, வழிதான் மாறியது. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்மேற்கு அரிசோனாவில் வழிதவறிய ஒரு குழுவில் 14 பேர் வெயிலில் நாவறண்டு மாண்டனர். பாலையின் வெம்மை இயற்கை தந்தது. மாந்தரை அவ்வெம்மைக்குள் செலுத்தியது மனிதர் வகுத்த ஏற்பாடு. இவ்வேறுபாட்டை மறந்தால் பின்வரும் வழக்குகள் எவையும் விளங்கா.

கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும். நடப்பவனுக்கு நாளொன்றுக்குப் பல லிட்டர் நீர் வேண்டும். ஒரு காலன் நீரின் எடை ஏறத்தாழ 3.8 கிலோ. நான்கைந்து நாள் நடைக்கு வேண்டிய நீர் முழுவதையும் தோளில் சுமப்பது மனித உடலுக்கு இயலாத செயல். வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காதிருக்கக் கறுப்பு நிறக் குடுவையில் நீர் கொண்டு செல்வர். அது தீர்ந்தால், மேய்ச்சல் நிலத்து மாட்டுத் தொட்டியில் பாசி படர்ந்து கிடக்கும் நீரே கதி.

இந்நிலையில்தான் 2000ஆம் ஆண்டில் ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ என்னும் அமைப்பு டூசான் நகரில் தோன்றியது. உரியவர் இசைவு பெற்ற இடங்களில் நீர்ப் பீப்பாய்களை வைத்து, தொலைவிலிருந்து தெரியுமாறு நீலக்கொடி நாட்டியது. 2004இல் தோன்றிய ‘நோ மோர் டெத்ஸ்’ அமைப்பினர் ஒற்றையடிப் பாதைகளில் காலன் குடுவைகளைக் கொண்டுபோய் வைத்தனர்.

நீர் வைப்பது வருவோரை ஊக்குவிக்கும் என்பது முதல் மறுப்பு. இது வலுவற்றது. போகவேண்டா, அங்குப் போதிய நீர் இல்லை என்று எச்சரிக்கும் சுவரொட்டிகளை அச்சிட்டவர்களும் அந்த ஹியூமேன் பார்டர்ஸ் அமைப்பினரே. பாலையில் ஒரு பீப்பாய் இருக்கிறது என்பதற்காக எவரும் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுக் கிளம்புவதில்லை.

இரண்டாம் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நீர் உண்டு என நம்பி வந்தவன் முன் பீப்பாய் வெறுமையாக இருந்தால் என் செய்வது? ஒருமுறை நீர் வைத்தவன் தொடர்ந்து வைக்கும் கடமையையும் மேற்கொள்கிறான். ‘நோ மோர் டெத்ஸ்’ அமைப்பும் மற்றோர் அமைப்பும் 2018இல் வெளியிட்ட அறிக்கை, 2012 முதல் 2015 வரை தாம் வைத்தவற்றுள் 3,586 குடுவைகள் அழிக்கப்பட்டன என்று கணக்குக் காட்டுகிறது. எல்லைக் காவலரும் அழித்தனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. 1998 முதல் அக்காவற்படையிலேயே உயிர்மீட்புக்கெனத் தனிப்பிரிவு உண்டு என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். ஒரு கை நீர் கொடுக்க, மறு கை அதனைக் கவிழ்த்தது என்றால் அது ஒரு கொள்கைக்குள்ளேயே கிடக்கும் முரண் எனலாம்.

மொழி பயில்வோர் ஊன்றி நோக்கவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 2008இல் புவனோஸ் ஐரெஸ் வனவிலங்குக் காப்பகத்தில் குடுவைகளை வைத்த தொண்டர் ஒருவர்மீது குப்பை போட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னர்தான் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை அவர் பாலையில் கண்டிருந்தார். கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, தண்டனை விதிக்கவில்லை. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு முழுவதும் ‘குப்பை’ என்னும் ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே நின்றது. குப்பை என்பது பயனற்றதென எறியப்படுவது. மூடி திறவாத தூய குடிநீர், ஒருவன் பருக வேண்டுமென வைக்கப்பட்டது, அச்சொல்லுள் தெளிவாக அடங்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டனர். ஒரு நீதிபதி உடன்படவில்லை. வெற்றுக் குடுவை அங்கேயே கிடக்குமே என்று கேட்பாரும் உளர். அது நேரிய கேள்வியே. தொண்டர்கள் அவற்றைப் பொறுக்கி வருவதுண்டு என்பது மட்டும் அதற்கு முழு விடையாகாது. எனினும் பொருளின் இயல்பை அது வைக்கப்பட்ட நோக்கமும் தீர்மானிக்கிறது என்று நீதிமன்றமே சொற்பொருள் ஆய்வில் இறங்கியது நம் துறையினர்க்குச் சுவையானது.

கபேசா பிரியெட்டா காப்பகத்தில் 2017இல் நுழைவு அனுமதியின் விதிகள் மாற்றப்பட்டன. உணவு, நீர் முதலியவற்றை விட்டுச்செல்லேன் என்று ஒப்புக்கொண்டே உள்ளே செல்லவேண்டியதாயிற்று. அதே காப்பகத்தில் கொம்பாடுகளுக்கும் மான் போன்ற விலங்குகளுக்கும் நிருவாகமே நீர்நிலைகள் அமைத்துப் பேணி வந்தது! அங்கு நீர் வைத்த தொண்டர் நால்வர் 2019இன் தொடக்கத்தில் குற்றவாளிகளாயினர். 2020 பிப்ரவரியில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. இதற்கிடையே, இருவருக்கு உணவும் நீரும் படுக்கையும் தந்ததற்காக 2018இல் கைதான புவியியல் ஆசிரியர் ஒருவர், முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமுடிவுக்கு வர இயலாமற் போக, 2019 நவம்பரில் மறுவிசாரணையில் விடுதலை பெற்றார்.

நால்வரின் விடுதலைக்கு அடிப்படையாக அமைந்தது சமய உரிமைச் சட்டம். நீர் வைப்பது அவர்தம் உள்ளார்ந்த நம்பிக்கையின் வெளிப்பாடு. அதனைத் தண்டித்தல் அந்நம்பிக்கைக்குப் பெருஞ்சுமை என்றது நீதிமன்றம். தீர்ப்பு நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் ஒன்றை உற்று நோக்குவோம். குப்பையா, அனுமதி பெற்றாரா, கொடுத்தவர் எண்ணம் யாது, அவர் நம்பிக்கை யாது என இவ்வழக்குகள் கேட்டவை அனைத்தும் கொடுப்பவரைப் பற்றிய கேள்விகளே. தாகித்தவனுக்கு உள்ள உரிமை யாது என்பது தீர்ப்புக்குரிய வினாவாக எழவேயில்லை.

இஸ்லாமியச் சட்டவியல் இதனை மறுதலையாக அணுகுகிறது. அதில் ‘ஷஃபா’ எனப்படும் பருகும் உரிமை தாகித்தவருடையது; விலங்குக்கும் அது உண்டு. 1869க்கும் 1876க்கும் இடையில் உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்ட நூல் இதனை விதியாகவே வகுத்தது. தன் நிலத்தில் நீர் உடையவன், வேறு நீர் அருகில் கிடைக்குமாயின், பிறர் நுழைவதைத் தடுக்கலாம். கிடைக்காதாயின் அவன் செய்யத்தக்கவை இரண்டே: நீரைத் தானே வெளியே கொண்டுவந்து தரவேண்டும், அன்றேல் நீர் வேண்டுவோனை உள்ளே வந்து பருக விடவேண்டும். உள்ளே வருபவன் கரையை உடைத்தல் முதலிய சேதம் விளைக்கலாகாது என்பதும் அவ்விதியின் பகுதி. இது கிணறும் குளமும் உடைய தனியார் நிலத்துக்கென எழுதப்பட்டது, நாட்டெல்லைக்கென எழுதப்பட்டதன்று. நுழைவு மறுக்க நிலவுடையவனுக்கு உள்ள உரிமையை அது அழிக்கவுமில்லை. மறுக்கும்போது நீரை வாசலுக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவன்மீதே வைத்தது.